பான்கேக்குக்கு 3, பாகுக்கு 5, என் கார் டிக்கிக்கு 0

மாசச்சூசெட்ஸ்ல மார்ச் மாசம் எங்கயும் போற மாதிரி இருக்காது. பனி பாதி உருகி ஊரே சேறா கெடக்கும், குளிரும் விட்டிருக்காது, மரத்துல மருந்துக்கு ஒரு இலை இருக்காது. ஊர்லேர்ந்து வந்திருந்த மாமனார் வேற ஜன்னல் வழியா பாத்துட்டு "என்ன மாப்ள, எல்லா மரமும் பட்டுப்போச்சா"ன்னு மூணு வாரமா கேட்டுட்டே இருந்தார். அவரை எங்கயாவது கூட்டிட்டு போகணுமேன்னு தேடினப்ப மாட்டினதுதான் இந்த சுகர் ஹவுஸ், அதாவது மேப்பிள் மரத்துலேர்ந்து நீர் எறக்கி காய்ச்சி பாகு எடுக்கற பண்ணை. குவாபின் ரிசர்வாயருக்கு வடக்கால ஒரு சின்ன ஊர், நாங்க இருக்கற ஷ்ரூஸ்பரிலேர்ந்து ஒரு மணி நேரம். குடும்பமா நடத்தற இடம், நான் கொஞ்சம் குறையும் சொல்லப்போறேன், அதனால பேர் போடல. இந்தப் பக்கம் இதே மாதிரி நிறைய இருக்கு, எதுக்கு போனாலும் முக்காவாசி இப்படித்தான் இருக்கும்.

சாப்பாட்ட மொதல்ல முடிச்சிடறேன், அதுல சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. சீசன்ல சனி ஞாயிறு மட்டும்தான் பிரேக்ஃபாஸ்ட், ரிசர்வேஷன் கிடையாது, பேர் குடுத்துட்டு வெளில நிக்கணும். 9:40க்கு போனோம், உக்காந்தது 11. பார்க்கிங் முழுக்க சேறு, என் பொண்ணோட புது ஷூ அங்கயே சமாதி ஆயிடுச்சு. பான்கேக் தட்டு அளவுக்கு பெருசுதான், ஆனா டேபிளுக்கு வரும்போதே ஆறிப்போய் நடுவுல மாவா இருந்துச்சு. காபின்னு ஒண்ணு குடுத்தாங்க, காபி டம்ளர் கழுவின தண்ணி. ஆனா அந்த பாகு இருக்கே, ஒரு கூஜா நிறைய சூடா வெச்சிட்டு போயிட்டாங்க, எவ்ளோ வேணா ஊத்திக்கலாம். சூப்பர்மார்க்கெட்ல பான்கேக் சிரப்னு விக்கறது முக்காவாசி சோள சிரப்ல கலரும் வாசனையும் சேத்தது, அத ஊத்தி பழகின நாக்குக்கு இது வேற ஜாதி. வீட்டம்மா எதுக்கும் இருக்கட்டும்னு ஹாட்பேக்ல இட்லி கொண்டு வந்திருந்தா, அப்புறம் கார்ல உக்காந்து அந்த இட்லிய புதுசா வாங்கின பாகுல தொட்டு சாப்பிட்டோம், பான்கேக்கெல்லாம் கிட்டயே வர முடியாது.

ஆளுக்கு 12 டாலர் குடுத்தா டூர். இதுக்காகத்தான் இந்த ரிவ்யூவே எழுதறேன்.

கொட்டகைக்குள்ள நுழைஞ்சதும் மாமனார் அப்படியே நின்னுட்டார். உள்ள முழுக்க ஆவி, அது போறதுக்கு கூரை நடுவுல தெறந்து விட்டிருக்காங்க, கீழ விறகு அடுப்பு மேல நீளமா ஒரு தகரத் தொட்டி, அதுல தண்ணி மாதிரி ஒண்ணு தளதளன்னு கொதிக்குது. "இது நம்ம விடிலில்லா மாப்ள"ன்னார். விடிலின்னா அங்க பதநீர் காய்ச்சற குடிசை. அவருக்கு சொந்த ஊர் உடன்குடி பக்கம், சின்ன வயசுல அவுங்க வீட்டு பின்னாடியே பதநீர் காய்ச்சி கருப்பட்டி போடுவாங்களாம். ஓனர் எழுபது வயசு இருக்கும், அவர்தான் டூர் காட்டினார், அவர் பொண்ணுதான் காய்ச்சிட்டு இருந்தாங்க. நீர் திடீர்னு பொங்கி வந்துச்சு, அந்தம்மா சுண்டுவிரல் நுனி அளவுக்கு வெண்ணெய எடுத்து உள்ள போட்டாங்க, பொசுக்குன்னு அடங்கிடுச்சு. மாமனாருக்கு தாங்கல. "நம்ம ஊர்ல ஆமணக்கு முத்த இடிச்சு போடுவோம்லா, அதே வேலையத்தான் இவுகளும் செய்தாக"ன்னு என் கைய புடிச்சு இழுக்கறார், நான் மொழிபெயர்த்து சொன்னேன், அந்தப் பெரியவர் டூர அப்படியே நிப்பாட்டிட்டு பனை மரத்த பத்தி இருபது நிமிஷம் கேட்டார். கூட வந்தவங்கல்லாம் நின்னுட்டு இருந்தாங்க, பாவம். கலயத்துல சுண்ணாம்பு தடவலன்னா நீர் புளிச்சு கள்ளா போயிடும்னதும் அவர் சிரிச்சுட்டு, எங்களுக்கு அந்தக் கவலைய குளிர் பாத்துக்கும்னார்.

கணக்கு இதுதான். மேப்பிள் நீர்ல சக்கரை சுமார் 2 சதவீதம்தான், பதநீர்ல 10, 12 வரைக்கும் போகும். அதனால 40 கேலன் நீர் காய்ச்சினாத்தான் 1 கேலன் பாகு. தண்ணி கொதிக்கற சூட்டுக்கு மேல ஒரு 7 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினதும் எறக்கணும். தெர்மாமீட்டர் இருக்கு, ஆனா கரண்டில எடுத்து பாகு எப்படி விழுதுன்னும் பாக்கறாங்க, மாமனார் அந்த கரண்டிய பாத்துட்டே "இன்னும் ஒரு கொதி"ன்னார், கரெக்டா அடுத்த கொதிலதான் எறக்கினாங்க.

அடுப்புல எரியறது என்ன மரம்னு சும்மா கேட்டு வெச்சேன். ஆஷ். எங்க காட்டுல செத்துட்டிருக்கற ஆஷ்தான், இன்னும் கொஞ்ச வருஷத்துக்கு விறகுக்கு பஞ்சம் இல்லன்னார், ஜோக் மாதிரிதான் சொன்னார் ஆனா சிரிக்கல. காரணம் ஆசியாலேர்ந்து வந்த ஒரு பச்சைக்கலர் வண்டு, 2002ல டெட்ராய்ட் பக்கம் கண்டுபுடிச்சாங்க, சரக்கு பேக் பண்ற மரப்பெட்டில வந்திருக்கும்னு சொல்றாங்க, 2012ல மாசச்சூசெட்ஸுக்கே வந்துடுச்சு. பட்டைக்கு அடில புழு தின்னு தின்னு மரத்துக்கு சத்து போற வழிய அடைச்சிடும். அந்தக் கொட்டகையோட உத்தரம் பழைய செஸ்ட்நட் மரம், அதுக்கும் இதே மாதிரி கதை, வெளிநாட்டு மரக்கன்னோட வந்த ஒரு பூஞ்சை, 1904ல நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலைல மொதல்ல கவனிச்சாங்க, அரை நூற்றாண்டுக்குள்ள முன்னூறு நானூறு கோடி மரம் காலி. அதாவது நான் நின்ன கொட்டகைல கூரை ஒழிஞ்சுபோன மரம், அடுப்பு ஒழிஞ்சுட்டு இருக்கற மரம், நடுவுல கொதிக்கறது மட்டும்தான் இன்னும் உசுரோட இருக்கற மரம்.

அப்புறம் காட்டுக்குள்ள நடை. இப்பல்லாம் வாளி தொங்கவிடறது போட்டோவுக்குத்தான், நெஜமா எல்லா மரத்துக்கும் நீலக்கலர் பிளாஸ்டிக் டியூப் போட்டு வேக்குவம் வெச்சு உறியறாங்க, காடு பூரா ஆஸ்பத்திரி ட்ரிப் போட்ட மாதிரி இருக்கு. அழகா இருக்கும்னு எதிர்பாத்து போனா ஏமாத்தம்தான். ஆனா கொஞ்ச தூரம் போனதும் காட்டுக்கு நடுவுல ஒரு கல் சுவர், இடுப்பளவு உயரம், அது பாட்டுக்கு மேடேறி எறங்கி போயிட்டே இருக்கு, ரெண்டு பக்கமும் மரம். என் பொண்ணு கேட்டா, காட்டுக்கு எதுக்கு காம்பவுண்டுன்னு. பெரியவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி உக்காந்துட்டார்.

அது காட்டுக்கு போட்ட சுவர் இல்ல, ஆட்டுக்கு போட்ட சுவர். நான் என்னமோ ஆதிகாலத்து காட்டுக்குள்ள நடக்கறதா நெனச்சுட்டு வந்தேன், அவர் சொன்னது, 1840ல இங்க நின்னா அடுத்த ஊர் சர்ச் கோபுரம் தெரியும்னு. இங்க மொதல்ல இருந்தது நிப்மக் பழங்குடி மக்கள், மேப்பிள் நீர் எறக்கறதையே வெள்ளைக்காரங்க இந்த மாதிரி பழங்குடிகள்கிட்டதான் கத்துக்கிட்டாங்க. அப்புறம் வந்தவங்க வெட்ட ஆரம்பிச்சு பத்தொம்பதாம் நூற்றாண்டு நடுவுல மாநிலத்துல பாதிக்கும் மேல மொட்டை, மேய்ச்சல் நிலம், வைக்கோல், உழவு. பக்கத்து வெர்மான்ட்ல 1840ல மட்டும் 16 லட்சத்துக்கும் மேல ஆடு, மெரினோ கம்பளிக்காக. உழும்போதெல்லாம் கல்லு வரும், அத பொறுக்கி ஓரமா அடுக்கி அடுக்கி வந்ததுதான் இந்த சுவர். 1825ல ஈரி கால்வாய் தெறந்ததும் மேற்குலேர்ந்து தானியம் மலிவா வர ஆரம்பிச்சுது, ரயிலும் வந்துச்சு, இந்தக் கல்லு பூமில மாரடிக்கறது கட்டுப்படியாகல, ஆளுங்க மில் வேலைக்கும் மேற்குக்கும் போயிட்டாங்க. விட்டுட்டுப் போன வயல்ல மொதல்ல பைன் முளைச்சுது, 1900 வாக்குல அதையும் வெட்டி பெட்டி செஞ்சு வித்துட்டாங்க, அதுக்கு அடில காத்துட்டிருந்த மேப்பிள், ஓக், பிர்ச்தான் இப்ப நாம பாக்கற இலையுதிர் காடு. இன்னிக்கு மாநிலத்துல சுமார் 60 சதவீதம் காடு. யாரும் மரம் நடு விழா நடத்தல, சும்மா விட்டாங்க, வந்துச்சு.

இத அவர் வாயால கேட்டதுல ஆர்வம் தாங்காம அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போட்டு மாமனார கூட்டிட்டு பீட்டர்ஷாம்ல இருக்கற ஹார்வர்ட் ஃபாரஸ்ட் ஃபிஷர் மியூசியம் போனேன். இந்தப் பக்கம் வர்றவங்க கண்டிப்பா பாருங்க, சின்ன கட்டடம்தான், உள்ள 23 டயோரமா, அதாவது பெட்டிக்குள்ள குட்டியா செஞ்ச காட்சி, 1930கள்ல செஞ்சது. முக்கியமா ஒரே இடத்த 1700லேர்ந்து 1930 வரைக்கும் வரிசையா காட்டறாங்க, பெரிய காடு, வெட்டினது, முழுசா வயல், பாழாப்போன வயல், பைன், வெட்டின பைன், திரும்ப காடு. மரத்த எல்லாம் செம்புக் கம்பில செஞ்சிருக்காங்க, இலை இலையா. ஹார்வர்ட் அந்தக் காட்ட 1907லேர்ந்து வெச்சு ஆராய்ச்சி பண்றாங்க, 1991லேர்ந்து ஒரு எடத்துல மண்ணுக்குள்ள கரண்ட் கேபிள் புதைச்சு அஞ்சு டிகிரி செல்சியஸ் சூடாக்கி என்ன ஆகுதுன்னு பாக்கறாங்க. மாமனார் அத கேட்டுட்டு "சும்மாவே சூடாத்தானே ஆவுது, கரண்ட் வேற எதுக்கு"ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

டூருக்கு வரேன். திரும்பி வர்ற வழில பெரியவர் குனிஞ்சு கைய வெச்சு தரைல இலைய விலக்கினார், அடில மண்ணு காபித்தூள் மாதிரி பொலபொலன்னு இருந்துச்சு. நான் அறிவாளியா "அட மண்புழு உரம், நல்லதாச்சே"ன்னேன். நாமல்லாம் மண்புழு விவசாயியின் நண்பன்னு அஞ்சாங்கிளாஸ்ல மனப்பாடம் பண்ணினவங்க. அவர் என்ன பாத்த பார்வைய மறக்க மாட்டேன். பனியுகத்துல இந்தப் பக்கம் மேல பூரா பனிப்பாறை மூடி சுரண்டிட்டுப் போனதுல மண்புழுவே இல்லாம போயிடுச்சாம், பத்தாயிரம் வருஷத்துக்கு மேல இந்தக் காடு புழு இல்லாமயே பழகிடுச்சு, விழுந்த இலை மெத்தை மாதிரி கெடந்து மெதுவா மக்கும், அந்த மெத்தைலதான் மேப்பிள் விதை முளைக்கும். அப்புறம் ஐரோப்பாலேர்ந்து செடியோடயும் மண்ணோடயும் புழு வந்துச்சு, இப்ப ஆசியாலேர்ந்து துள்ளற புழுன்னு ஒண்ணு வந்திருக்கு, தொட்டா பாம்பு மாதிரி நெளிஞ்சு குதிக்கும், தோட்டத்துக்கு வாங்கற தொட்டிச்செடிலயும் உரத்துலயும் ஒட்டிட்டு வருது. ரெண்டும் சேந்து அந்த இலை மெத்தைய தின்னு தீத்துடுது. மேல அண்ணாந்து பாத்தா நூறு வருஷ மேப்பிள், கீழ பாத்தா ஒரு கன்னு கூட இல்ல. முளைக்கற ரெண்டு மூணையும் மான் மேஞ்சிடுது. ஓநாய நூத்தம்பது வருஷத்துக்கும் முன்னாடியே இங்க கொன்னு தீத்தாச்சு, அப்ப மானுக்கு ஏது பயம். குவாபின் பக்கம் இது முத்திப்போய் புதுசா மரமே வராம போச்சு, அந்தக் காடுதான் பாஸ்டனுக்கு குடிதண்ணி குடுக்கற ஏரிக்கு வடிகட்டி, அதனால 1991லேர்ந்து அங்க வருஷா வருஷம் மான் வேட்டைக்கு விடறாங்க. குடிதண்ணிக்காக மான் சுடற ஊர் வேற எங்கயாவது இருக்கான்னு தெரியல.

அமில மழை பத்தியும் சொன்னார், நிலக்கரி புகைலேர்ந்து வந்த அமிலம் மண்ணுல கால்சியத்த கரைச்சுட்டு போனதுல மேப்பிள் நோஞ்சானா போச்சு, 1990ல சட்டத்த இறுக்கின அப்புறம் மழை பரவாயில்ல, மண்ணு இன்னும் தேறலயாம். நியூ ஹாம்ப்ஷயர்ல ஹப்பர்ட் புரூக்னு ஆராய்ச்சி காட்டுல 1999ல ஹெலிகாப்டர்ல கால்சியம் தூவிப் பாத்தாங்க, அந்தப் பக்கத்து மேப்பிள் மட்டும் தெளிஞ்சுச்சு. சீசன் கேட்டேன். ராத்திரி உறையணும், பகல்ல உருகணும், அப்பத்தான் நீர் ஓடும். அவங்க அப்பா மார்ச் மொத வாரம்தான் மரத்துல ஓட்டை போடுவாராம், இவர் இப்ப பிப்ரவரி ஆரம்பத்துலயே போட்டுட்டு வானத்த பாத்துட்டு உக்காந்திருக்கார்.

கடைல பாகு நாலு கிரேடு, கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க். எல்லாரும் கோல்டன் எடுக்கறாங்க, பாக்க அழகா தேன் மாதிரி இருக்கும், ஆனா கருப்பட்டி தின்னு வளந்த நாக்குக்கு டார்க்குக்கு கீழ எதுவும் உறைக்காது. சீசன் கடைசில எறக்கறதுதான் கருப்பா வரும். அரை கேலன் டார்க் 38 டாலர்னு வாங்கினேன், பிளாஸ்டிக் ஜாடிலதான் குடுத்தாங்க, அது ஒரு குறை, கண்ணாடி பாட்டில் கேட்டா சின்னதுல மட்டும்தான் இருக்கு, விலையும் தீட்டிட்டாங்க. பணியாரத்துக்கும் சக்கரைப் பொங்கலுக்கும் ஊத்தி பாத்தாச்சு, சூப்பர். ஃபில்டர் காபிக்கு மட்டும் வேண்டாம், அது ஒரு மாதிரி மருந்து வாசனை அடிக்குது.

இப்ப டிக்கி கதை. ஜாடிய வெக்கறதுக்காக பெரியவரே கார் வரைக்கும் தூக்கிட்டு வந்தார், மாமனார் மேல அவ்ளோ பிரியம். நான் டிக்கிய தெறந்தேன். உள்ள ஒரு அட்டைப்பெட்டி நிறைய விறகு. போன வருஷம் காத்துல எங்க வீட்டு பின்னாடி விழுந்த நார்வே மேப்பிள், சாயங்காலம் ஆம்ஹர்ஸ்ட்ல ஃப்ரெண்டு வீட்டுல ஃபயர்பிட் போடறதா பிளான், விறகு நான் கொண்டு வரேன் மச்சான்னு பெருமையா சொல்லிட்டு வந்திருந்தேன். பெரியவர் மொகம் மாறிடுச்சு. எந்த ஊர்னு கேட்டார். ஷ்ரூஸ்பரின்னேன். ஜாடிய கீழ வெச்சிட்டு டிக்கிய அவரே மூடினார்.

அப்பத்தான் எனக்கு முழு விஷயமும் தெரியுது, அந்த ஊர்ல எட்டு வருஷமா வீடு வாங்கி இருக்கேன், வெக்கக்கேடு. 2008ல எங்க பக்கத்து ஊரான ஊஸ்டர்ல ஆசிய நீளக்கொம்பு வண்டு கண்டுபுடிச்சாங்க, கருப்பா பளபளன்னு வெள்ளைப் புள்ளியோட, கொம்பு உடம்ப விட நீளம். ஆஷ் வண்டு பெரும்பாலும் ஆஷத்தான் தின்னும், இது பல மரத்த தின்னும், ஆனா உசுரு மேப்பிள்தான். அதுவும் சரக்கு மரப்பெட்டிலதான் வந்துச்சு. 1953 சூறாவளில ஊஸ்டர்ல மரமெல்லாம் போனப்ப தெருத்தெருவா நார்வே மேப்பிள நட்டு வெச்சிருந்தாங்க, வண்டுக்கு பந்தி போட்ட மாதிரி ஆயிடுச்சு. 30,000க்கும் மேல மரம் வெட்டி பொடியாக்கினாங்க, சில தெரு ஒரே வாரத்துல மொட்டையாச்சாம். 110 சதுர மைலுக்கு கட்டுப்பாடு போட்டாங்க, அந்த எல்லைக்குள்ளேர்ந்து விறகு வெளில போகவே கூடாது, ஷ்ரூஸ்பரி முழுக்க அதுக்குள்ளதான். புழு கட்டைக்கு நடுவுல இருக்கும், வெளில பாத்தா தெரியவே தெரியாது. வண்டு தானா பறந்து ரொம்ப தூரம் போகாது, அத தூக்கிட்டுப் போறது என்ன மாதிரி ஆளுங்கதான். நான் அந்த விறகோட ரெண்டாயிரம் மேப்பிள் மரம் இருக்கற பண்ணைக்குள்ள வந்து மூணு மணி நேரம் காரை நிறுத்தியிருக்கேன்.

அவர் கத்தல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. குளிர்ல ஒண்ணும் வெளில வராது, அதனால தப்பிச்சோம், எங்கயும் எறக்காம இன்னிக்கு ராத்திரியே வீட்டுக்கு திருப்பி கொண்டு போய் அங்கயே எரிச்சிடுங்கன்னார். அப்புறம் உள்ள போய் ஒரு தார்ப்பாய் கொண்டு வந்து பெட்டிய மூடினார். ஃபயர்பிட்டுக்கு அவர் காட்டு ஆஷ் விக்கறாரான்னு கேட்டேன், ஆஷ் இந்த இடத்த விட்டு எங்கயும் போகாது, கடைல புழு சாகற அளவுக்கு ஹீட் ட்ரீட் பண்ணினதுன்னு சீல் போட்ட கட்டு கிடைக்கும் பாருங்கன்னு அனுப்பிட்டார். வழில ஒரு பெட்ரோல் பங்க்ல 9 டாலருக்கு ஒரு கட்டு வாங்கிட்டு போனேன். மாமனார் ஆம்ஹர்ஸ்ட் வரைக்கும் ஒரு வார்த்தை பேசல, அப்புறம் மெதுவா, "நம்ம ஊர்ல ஒருத்தன் பனைல ஒருத்தன் கோடாலிய வெச்சா வெட்டுக்குத்து ஆயிரும் மாப்ள, இந்த மனுஷன் தார்ப்பாய் குடுத்து அனுப்புதாரு"ன்னார்.

போறவங்களுக்கு சில விஷயம். கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணி இன்னிக்கு காய்ச்சறாங்களான்னு கேளுங்க, நீர் ஓடலன்னா வெறும் தொட்டிய பாத்துட்டு வரணும். பிரேக்ஃபாஸ்ட்ட வீட்டுலயே முடிச்சிட்டு நேரா டூருக்கு போங்க, இட்லி எடுத்துட்டு போனா இன்னும் நல்லது. பழைய ரப்பர் பூட்ஸ் போடுங்க. சேறு ஒட்டினா காட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியும் வந்த பின்னாடியும் தேய்ச்சுக்கறதுக்கு வாசல்ல ஒரு பிரஷ் வெச்சிருக்காங்க, நான் போகும்போது அத என்னமோ அலங்காரம்னு நெனச்சு தாண்டிப் போனேன், புழு முட்டை செருப்பு மண்ணுல வரும்னுதான் வெச்சிருக்காங்க.

மாமனார் ஏப்ரல் கடைசில ஊருக்கு கிளம்பினார். கிளம்பறதுக்கு மொத நாள் பின்பக்க மேப்பிள் எல்லாம் சிவப்பா பூ விட்டிருந்துச்சு, "பட்டுப்போகல மாப்ள"ன்னு போட்டோ எடுத்துக்கிட்டார். டார்க் பாகு ஒரு பாட்டில் உடன்குடிக்கு போயிருக்கு, அங்கேர்ந்து கருப்பட்டி வந்ததும் பெரியவருக்கு ஒரு சிப்பம் கொண்டு போய் குடுக்கணும், கூடவே அந்த தார்ப்பாயும். விறகு பெட்டி இன்னும் கராஜ்லதான் இருக்கு, இந்த வாரக்கடைசில மழை இல்லன்னா பின்பக்கமே எரிச்சு முடிக்கணும்.